அப்பா அம்மாவுக்கு அமெரிக்காவில் பேப்பர் இல்லையா? கிரீன் கார்டுக்கு எதை முதலில் செய்வது, எதை அனுப்பவே கூடாது

பிள்ளைக்கு 21 வயது முடிந்ததும், அல்லது குடியுரிமை உறுதிமொழி எடுத்த கையோடு, பல வீடுகளில் ஐ-130 என்ற உறவினர் மனுப் படிவத்தைத் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். அப்பாவோ அம்மாவோ விசா முடிந்தும் இங்கேயே தங்கிவிட்டவராக இருப்பார், இல்லையென்றால் விசாவே இல்லாமல் எல்லை தாண்டி வந்தவராக இருப்பார். "நீதான் சிட்டிசன் ஆயிட்டியே, இனிமே என்ன, போட்டுடு" என்று சுற்றியிருப்பவர்கள் சொல்வார்கள்.

என் அம்மா 2014-ல் விசிட்டர் விசாவில் வந்தவர். வந்த சில மாதங்களில் ஊரில் அப்பா இறந்துபோனார். அம்மா திரும்பிப் போகவில்லை. எனக்குக் குடியுரிமை கிடைத்த பிறகு அம்மாவுக்கு மனு போட்டேன். படிவங்களை நிரப்ப இரண்டு வாரக் கடைசிகள் போதுமாக இருந்தன. அதற்கு முந்தைய ஏழு மாதங்கள் காகிதம் தேடியே போயின. அப்புறம் தெரிந்த சில குடும்பங்களுக்கும் கூட உட்கார்ந்து பார்த்தேன். எல்லோரும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிடுகிறார்கள்.

நான் வக்கீல் இல்லை. கீழே வக்கீல் இல்லாமல் நகரவே கூடாத இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன். அவற்றை விட்டுவிட்டுப் படிக்காதீர்கள்.

1. உங்களால் ஸ்பான்சர் செய்ய முடியுமா?

பெற்றோருக்கு மனு போடுபவர் அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும், 21 வயது முடிந்திருக்க வேண்டும். கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர் கணவன், மனைவி, கல்யாணமாகாத பிள்ளைகளுக்குப் போடலாம். பெற்றோருக்கு முடியாது.

குடிமகனின் பெற்றோர் "உடனடி உறவினர்" என்ற வகையில் வருவார்கள். இந்த வகைக்கு ஆண்டு ஒதுக்கீடு கிடையாது. அண்ணன் தம்பிக்குப் போட்டால் இருப்பதுபோல வருடக்கணக்கான வரிசையும் கிடையாது.

ஆனால் இந்த வகையில் ஒருவரோடு இன்னொருவர் ஒட்டிக்கொண்டு வர முடியாது. அப்பாவுக்குப் போட்ட மனுவில் அம்மா சேரமாட்டார், வீட்டில் இருக்கும் தம்பியும் சேரமாட்டான். அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று என்று தனித்தனி ஐ-130 வேண்டும். ஒரே மனுவில் இருவர் பெயரையும் எழுதி அனுப்பி, ஒருவருக்கு மட்டும் ரசீது வந்து திகைத்த குடும்பத்தை எனக்குத் தெரியும்.

2. எப்படி உள்ளே வந்தார்கள்?

இதற்குப் பதில் தெரியாமல் எந்தப் படிவத்தையும் தொடாதீர்கள். எத்தனை வருடம் பேப்பர் இல்லாமல் இருந்தார் என்பதைவிட, முதல் நாள் எந்த வழியாக நுழைந்தார் என்பதுதான் இங்கே பாதையைப் பிரிக்கிறது.

விசாவோடு வந்து, விமான நிலையத்தில் அதிகாரி முன் நின்று, முத்திரை வாங்கி வந்தவர் என்றால் நிலைமை நல்லது. விசா முடிந்த பிறகு தங்கியதும் அனுமதியில்லாமல் வேலை பார்த்ததும் மற்ற பலருக்குக் கதவை மூடிவிடும். குடிமகனின் பெற்றோருக்கு மட்டும் சட்டம் அவற்றைத் தடையாக எடுப்பதில்லை. அமெரிக்காவை விட்டு வெளியே போகாமல் இங்கிருந்தே ஐ-485 என்ற கிரீன் கார்டு விண்ணப்பத்தைப் போட்டு வாங்கலாம். என் அம்மா வந்த வழி இதுதான்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. கப்பல் பணியாளர் விசாவில் வந்து, துறைமுகத்தில் இறங்கி அப்படியே தங்கிவிட்டவருக்கு இந்தச் சலுகை இல்லை, பிள்ளை குடிமகனாக இருந்தாலும் இல்லை. நம் கடற்கரை ஊர்க்காரர்கள் சிலர் அப்படி வந்திருக்கிறார்கள். "விசாவில்தானே வந்தேன்" என்று அவர்கள் சொல்வது உண்மைதான். அது எந்த வகை விசா என்பதைப் பாஸ்போர்ட்டைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது வழி பரோல். சிறைப் பரோலோடு இதற்குச் சம்பந்தமில்லை. விசா இல்லாதவரை அதிகாரிகள் குறிப்பிட்ட காரணத்துக்காக உள்ளே விடும் ஏற்பாடு இது. போருக்குப் பிறகு மெக்சிகோ வழியாக வந்து நுழைவுச் சாவடியில் அடைக்கலம் கேட்ட இலங்கைத் தமிழர்களில் சிலர் தடுப்பு முகாமிலிருந்து இப்படி விடுவிக்கப்பட்டார்கள். குடியேற்றச் சட்டத்தின் 212(டி)(5) பிரிவில் பரோல் கிடைத்தவர் இங்கிருந்தே ஐ-485 போடத் தகுதி பெறலாம். 236-ஆம் பிரிவில் விடுவிக்கப்பட்டவர் அப்படிப் பெறமாட்டார். அதையும் வாய்ப்பேச்சில் "கண்டிஷனல் பரோல்" என்றே சொல்வார்கள். இரண்டும் பரோல்தானே என்று நினைத்து நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். விடுதலைக் கடிதத்தில் எந்தப் பிரிவு எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

மூன்றாவது, யார் கண்ணிலும் படாமல் எல்லை தாண்டி வந்தவர்கள். அவர்கள் நேராக 5-ஆம் பகுதிக்குப் போகுமுன் 4-ஆம் பகுதியையும் படியுங்கள்.

வேறொருவர் பாஸ்போர்ட்டிலோ போலி விசாவிலோ வந்திருந்தால் நேரே வக்கீல்தான். மோசடிக்கு மன்னிப்பு கேட்கும் மனு இருக்கிறது. ஆனால் அதற்குக் குடிமகனாகவோ கிரீன் கார்டுக்காரராகவோ இருக்கும் கணவன், மனைவி அல்லது பெற்றோர் வேண்டும். பிள்ளை அந்தக் கணக்கில் வராது.

3. அந்தப் பதிலைக் காகிதத்தில் பிடியுங்கள்

"அம்மா ஃப்ளைட்டில்தான் வந்தாங்க" என்பது சாட்சி ஆகாது. ஐ-94 என்ற நுழைவுப் பதிவு வேண்டும். 2013 கோடைக்குப் பிறகு விமானத்தில் வந்தவர்களுக்கு அது மின்பதிவாக இருக்கும். சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் கொடுத்து இலவசமாக எடுக்கலாம்.

நான் முதலில் தேடியபோது "பதிவு இல்லை" என்று மூன்று முறை வந்தது. நம் பெயர்களின் சிக்கல் அது. அம்மாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி, முழுப் பெயரும் முதல் பெயர்க் கட்டத்தில் இருந்தது. விசாவிலோ அது தலைகீழாகி, இருக்கும் பெயர் குடும்பப் பெயராகி, முதல் பெயர் இடத்தில் "எஃப்என்யு" என்று மூன்றெழுத்து உட்கார்ந்திருந்தது. முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. பாஸ்போர்ட்டை மூடிவைத்துவிட்டு விசாவில் இருந்தபடி அடித்ததும் பதிவு வந்துவிட்டது. உங்களுக்கும் வரவில்லையென்றால் பெயர்களை இடம் மாற்றி, அந்த மூன்றெழுத்தைச் சேர்த்து, விசா ஒட்டியிருந்த பழைய பாஸ்போர்ட்டின் எண்ணையே போட்டுப் பாருங்கள்.

2013-க்கு முன்னால் வந்தவர்களுக்குப் பாஸ்போர்ட்டில் செருகிக் கொடுத்த வெள்ளை அட்டைதான் ஐ-94. அது தொலைந்திருந்தால் பாஸ்போர்ட்டில் குத்திய நுழைவு முத்திரை உதவும். பாஸ்போர்ட்டே இல்லையென்றால் அமெரிக்காவின் தகவல் அறியும் சட்டப்படி எல்லைத் துறைக்கும் குடியேற்றத் துறைக்கும் தனித்தனியாகக் கோப்பு கேளுங்கள். மாதக்கணக்கில் ஆகலாம், ஆகட்டும். காலாவதியான பாஸ்போர்ட்டை எக்காரணம் கொண்டும் தூக்கிப் போடாதீர்கள். இந்தக் கட்டத்தில் புதிய பாஸ்போர்ட்டைவிட அதற்குத்தான் மதிப்பு.

4. மனுவை அனுப்பவே கூடாத நிலைமைகள்

முன்பெல்லாம் மனு நிராகரிக்கப்பட்டால் பணம் போனதோடு முடிந்துவிடும். 2025 பிப்ரவரியில் வந்த கொள்கைப்படி, மனு தள்ளுபடியாகும்போது அந்த நபருக்குச் சட்டபூர்வ அந்தஸ்து இல்லையென்றால், நாடுகடத்தல் நீதிமன்றத்துக்கு வரச் சொல்லும் நோட்டீஸ் கொடுக்கலாம். ஐ-130 மனு எந்தப் பாதுகாப்பும் தராது என்பதையும் அதே ஆண்டு இன்னொரு முறை தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். உங்கள் பெற்றோரின் முகவரியை நீங்களே எழுதிக் கொடுக்கிறீர்கள். அதனால் தேறாத மனுவை "போட்டுத்தான் பார்ப்போமே" என்று போடக் கூடாது.

கீழே உள்ளவற்றில் ஒன்று பொருந்தினாலும் குடியேற்ற வக்கீலிடம் கோப்பைக் காட்டாமல் நகராதீர்கள்.

பழைய நாடுகடத்தல் உத்தரவு. பலருக்குத் தங்கள் பேரில் உத்தரவு இருப்பதே தெரியாது. அடைக்கலம் கேட்டுவிட்டு வீடு மாறியிருப்பார்கள். நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போயிருக்கும், நீதிபதி ஆள் வராமலேயே உத்தரவு போட்டிருப்பார். ஏ என்ற எழுத்தில் தொடங்கும் எண் ஏதாவது பழைய கடிதத்தில் இருந்தால், குடியேற்ற நீதிமன்றத்தின் தானியங்கி எண் 1-800-898-7180-ஐ அழைத்து அந்த எண்ணைக் கொடுங்கள். வழக்கு இருக்கிறதா, உத்தரவு இருக்கிறதா என்று சொல்லும். உத்தரவு இருந்தால் முதலில் வழக்கை மீண்டும் திறக்க வேண்டும். அதைச் செய்யாமல் நேர்காணலுக்குப் போவது நாமே போய் மாட்டிக்கொள்வதுதான்.

குடிமகன் என்று பொய் சொன்னது. யாரும் எதிர்பார்க்காத இடத்தில் இருக்கும் பள்ளம் இது. மளிகைக் கடையிலோ பெட்ரோல் பங்கிலோ வேலைக்குச் சேரும்போது கொடுக்கும் ஐ-9 படிவத்தில், படித்துப் பார்க்காமல் முதல் கட்டத்தில் டிக் அடித்திருப்பார்கள். அந்தக் கட்டம் "நான் அமெரிக்கக் குடிமகன்" என்பது. ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போது வாக்காளர் பதிவில் கையெழுத்துப் போட்டதும் இப்படித்தான். 1996 செப்டம்பர் 30 அன்றோ அதற்குப் பிறகோ செய்த இந்தப் பொய்க்கு கிரீன் கார்டு வழியில் பெரும்பாலும் மன்னிப்பே கிடையாது. அம்மாவிடம் "பொய் சொன்னியா" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார். "எந்தெந்தக் கடையில் வேலை பார்த்தே, சேரும்போது என்ன ஃபார்ம் கொடுத்தாங்க" என்று கேளுங்கள்.

இரண்டு முறை நுழைந்தது. மொத்தம் ஒரு வருடத்துக்கு மேல் பேப்பர் இல்லாமல் இருந்துவிட்டு வெளியே போய், மறுபடி எல்லை தாண்டி வந்தவருக்கு நிரந்தரத் தடை விழும். பத்து வருடம் வெளியே இருந்த பிறகுதான் அனுமதியே கேட்க முடியும். நாடுகடத்தப்பட்ட பின் திருட்டுத்தனமாகத் திரும்பியவருக்கும் இதே கதி.

எல்லை தாண்டும்போது பிள்ளையையோ தம்பியையோ கூட்டி வந்தது. பெற்ற பிள்ளையாகவே இருந்தாலும் சட்டம் அதை ஆள் கடத்தலுக்கு உதவியதாகப் பார்க்கும். மன்னிப்பு மனு சிலருக்கு மட்டும் பொருந்தும்.

கைது, வழக்கு. தள்ளுபடியானது, அபராதத்தோடு முடிந்தது எல்லாமே கணக்கில் வரும். எஃப்பிஐ-யிடம் 18 டாலர் கட்டிக் கைரேகை அனுப்பினால் அவர்களிடம் என்ன பதிவு இருக்கிறது என்று வந்துவிடும். அதிகாரி பார்ப்பதற்கு முன் நீங்கள் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. "பத்து வருஷம் இருந்தாலே கிரீன் கார்டு உண்டு, நான் வாங்கித் தர்றேன்" என்று சொல்லும் கன்சல்டன்ட் அண்ணன்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அப்படி ஒரு சட்டம் இல்லை. அவர்களில் சிலர் செய்வது, உங்கள் பெயரில் பொய்யான அடைக்கல மனு போட்டு நீதிமன்றத்தில் தள்ளிவிடுவதுதான். உங்களுக்குத் தெரியாமல் ஏற்கெனவே ஏதாவது போடப்பட்டிருக்கிறதா என்பதும் 3-ஆம் பகுதியில் கேட்ட கோப்பில் வந்துவிடும்.

5. எல்லை தாண்டி வந்தவர்கள்: ஐ-130 போதாது

இவர்கள் இங்கிருந்தே ஐ-485 போட முடியாது. சொந்த நாட்டுக்குப் போய் அமெரிக்கத் தூதரகத்தில் விசா வாங்கித்தான் வர வேண்டும். ஆனால் 180 நாளுக்கு மேல் பேப்பர் இல்லாமல் இருந்தவர் தானாக வெளியே போனால் மூன்று வருடத் தடை, ஒரு வருடமோ அதற்கு மேலோ இருந்தவருக்குப் பத்து வருடத் தடை. காலை வெளியே வைக்கும் அந்த நிமிடத்தில்தான் தடை பிறக்கிறது. ஐ-130 அனுமதியாகிவிட்டது என்று சந்தோஷமாக விமானம் ஏறி, பத்து வருடம் திரும்ப முடியாமல் போனவர்கள் உண்டு.

போகுமுன்பே இந்தத் தடைக்கு மன்னிப்பு கேட்கும் மனு ஐ-601ஏ. இங்கேதான் குடும்பங்கள் உடைந்துபோகின்றன. தான் பிரிந்தால் நெருங்கியவருக்குக் கடும் துன்பம் வரும் என்று காட்ட வேண்டும். அந்த நெருங்கியவர் குடிமகனாகவோ கிரீன் கார்டுக்காரராகவோ இருக்கும் கணவன், மனைவி, அல்லது மன்னிப்பு கேட்பவருடைய அப்பா அம்மா. மனு போடும் பிள்ளையின் துன்பம் நேரடியாகக் கணக்கில் வராது.

சரி, வழியே இல்லையா? சில குடும்பங்களுக்கு வரிசையை மாற்றினால் வழி திறக்கும். அப்பா விசாவில் வந்தவர், அம்மா எல்லை தாண்டி வந்தவர் என்று வையுங்கள். இருவருக்கும் ஒரே நாளில் போடுவதில் லாபமில்லை. முதலில் அப்பாவுக்கு கிரீன் கார்டு வாங்குங்கள். கார்டு கைக்கு வந்த நாளிலிருந்து அவர் "கிரீன் கார்டுள்ள கணவர்". அவருக்கு வரும் துன்பத்தை வைத்து அம்மா ஐ-601ஏ போடலாம். அப்பாவின் சர்க்கரை நோய், இதய சிகிச்சை, அம்மா செய்யும் பணிவிடை இவையெல்லாம் அப்போது ஆதாரம் ஆகும். அதனால் மருத்துவக் காகிதங்களை இப்போதிருந்தே சேர்த்து வையுங்கள். அம்மாவைப் பெற்ற தாத்தா பாட்டிக்கு வேறொரு பிள்ளை வழியாக கிரீன் கார்டு இருந்தால் அவர்களும் இந்தக் கணக்கில் வருவார்கள்.

அடுத்தது, பழைய மனு. 2001 ஏப்ரல் 30-க்குள் உங்கள் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ யாராவது ஐ-130 அல்லது வேலை வழி மனு போட்டிருந்தால், 245(ஐ) என்ற பிரிவின்படி 1,000 டாலர் கூடுதலாகக் கட்டி, எல்லை தாண்டி வந்தவரும் இங்கிருந்தே கிரீன் கார்டு கேட்கலாம். அந்த மனு 1998 ஜனவரி 14-க்குப் பிறகு போட்டதென்றால், 2000 டிசம்பர் 21 அன்று அமெரிக்காவில் இருந்திருக்க வேண்டும். சித்தப்பாவோ அத்தையோ தொண்ணூறுகளில் போட்டு எல்லோரும் மறந்துபோன மனு எங்காவது டிராயரில் கிடக்கலாம். அது முறையாகப் போட்டதாக இருந்தால், விசா வராமலே போயிருந்தாலும் பயன்படும். கப்பல்காரர்களுக்கும் இந்த வழி திறந்திருக்கிறது.

பிள்ளை அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றுபவர் அல்லது பணியாற்றியவர் என்றால், பெற்றோருக்கு "இருக்கும் இடத்திலேயே பரோல்" கேட்கலாம். கிடைப்பது அதிகாரியின் விருப்பம். கிடைத்தால் 2-ஆம் பகுதியில் சொன்ன பரோல் வழிக்கு வந்துவிடுவார்கள்.

இந்த மூன்றும் பொருந்தவில்லை என்றால், இப்போதைக்கு எதையும் அனுப்பாமல் இருப்பதுதான் என் கருத்து. இனி எழுதுவது இங்கிருந்தே ஐ-485 போடத் தகுதியுள்ளவர்களுக்கு.

6. உறவைக் காட்டும் காகிதங்கள்

அம்மாவுக்குப் போட்டால் உங்கள் குடியுரிமைச் சான்றும், அம்மா பெயர் உள்ள உங்கள் பிறப்புச் சான்றும் போதும். அப்பாவுக்குப் போட்டால் கூடவே பெற்றோரின் கல்யாணச் சான்றும் வேண்டும்.

அமெரிக்காவில் பிறந்தவர்கள் கவனிக்க: சில மாநிலங்களில் பிறப்புச் சான்று இரண்டு வகை. சுருக்கமானதில் பெற்றோர் பெயரே இருக்காது. நீளமானதைக் கேட்டு வாங்குங்கள்.

தமிழ்நாட்டில் பிறந்தவர்களுக்கு வேறு தொல்லை. என் பிறப்புச் சான்றில் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. ஆஸ்பத்திரியில் பிறந்ததும் பதிவு செய்தார்கள், பெயர் சூட்டிய பிறகு யாரும் போய்ச் சேர்க்கவில்லை. அம்மா பெயர் இருந்தது, ஆனால் அந்தக் குழந்தை நான்தான் என்பதற்கு எதுவும் இல்லை. ஊரில் மாமா நகராட்சி அலுவலகத்துக்கு நாலு நடை நடந்து பெயர் சேர்த்து வாங்கினார். சேர்க்க முடியாவிட்டால் பள்ளிச் சான்றிதழ், பழைய ரேஷன் கார்டு, பிறந்ததை நேரில் அறிந்த பெரியவர்கள் இருவரின் உறுதிமொழிப் பத்திரம் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும்.

ஐ-485-க்குப் பெற்றோரின் பிறப்புச் சான்றும் தேவை. 1970 ஏப்ரலுக்கு முன் இந்தியாவில் பிறந்த பலருக்கு அது கிடையாது என்பது அமெரிக்க அரசுக்கும் தெரியும். உள்ளாட்சி அலுவலகத்தில் "பதிவில் இல்லை" என்ற சான்றை முதலில் வாங்குங்கள், பிறகு உறுதிமொழிப் பத்திரங்களைச் சேருங்கள். முதல் காகிதம் இல்லாமல் இரண்டாவதை மட்டும் அனுப்பினால் கூடுதல் ஆதாரம் கேட்டுக் கடிதம் வரும்.

கல்யாணம் பதிவு செய்யாதவர்கள் ஏராளம். மண்டபத்தில் தாலி கட்டியதோடு சரி. அப்பாவுக்குப் போடுவதில் இது முட்டும். மூலையில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை, ஆல்பத்தில் தாலி கட்டும் படம், வந்திருந்தவர்களின் உறுதிமொழிப் பத்திரம் எல்லாம் துணை ஆதாரம்தான். அப்பா உங்களை வளர்த்தார், ஒரே வீட்டில் இருந்தார் என்பதற்கான பள்ளி, மருத்துவ, வரிக் காகிதங்களையும் சேருங்கள். 21 வயதுக்கு முன் உண்மையான அப்பா-பிள்ளை உறவு இருந்தது என்று காட்ட அவை உதவும்.

இனிஷியல் விஷயம். என் கடைசிப் பெயர் அப்பாவின் பெயர். அப்பாவின் கடைசிப் பெயர் தாத்தாவின் பெயர். அம்மாவுக்குக் கல்யாணத்துக்கு முன் ஓர் இனிஷியல், பின் இன்னொன்று. வெள்ளைக்கார அதிகாரிக்கு இது மூன்று குடும்பம் மாதிரித் தெரியும். தமிழர்களிடம் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை, தந்தை பெயரே பின்னால் வரும் என்று அரைப் பக்கக் கடிதம் எழுதி, எந்தக் காகிதத்தில் எந்தப் பெயர் வருகிறது என்ற அட்டவணையோடு வைத்தேன். நேர்காணலில் அதிகாரி அந்தப் பக்கத்தைத்தான் முதலில் எடுத்தார்.

தமிழில் உள்ள எல்லாவற்றுக்கும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், "எனக்கு இரு மொழியும் தெரியும், இது சரியானது" என்று மொழிபெயர்த்தவர் எழுதிய கையெழுத்தும் வேண்டும். நோட்டரி தேவையில்லை. முத்திரையில் இருக்கும் எழுத்துகளையும் விடாமல் மொழிபெயர்க்க வேண்டும்.

7. வருமானம்: ஐ-864

கையெழுத்துப் போடுபவர் பெற்றோரைத் தாங்குவேன் என்று அரசோடு செய்யும் ஒப்பந்தம் இது. வறுமைக் கோட்டின் 125 சதவீத வருமானம் காட்ட வேண்டும். 2025-ல் இருந்த அளவுப்படி இரண்டு பேருக்கு 26,437 டாலர், மூன்று பேருக்கு 33,312.

தலைகளை எண்ணுவதில்தான் தப்பு நடக்கும். தனியாக இருக்கும் மகன் அம்மாவுக்குப் போட்டால் இரண்டு பேர். அப்பாவையும் சேர்த்துப் போட்டால், இருவருக்கும் தனித்தனி ஐ-864 போட்டாலும், தலைக்கணக்கு மூன்று. மனைவி, குழந்தைகள், ஏற்கெனவே ஐ-864 போட்டுக்கொடுத்த வேறு ஆட்கள் எல்லோரும் எண்ணிக்கையில் சேர்வார்கள்.

பேப்பர் இல்லாமல் அப்பா சம்பாதிக்கும் பணம் இதில் சேராது, வரி கட்டியிருந்தாலும் சேராது. கல்லூரியில் படிக்கும் 21 வயதுப் பிள்ளைக்கு வருமானம் இல்லையென்றால் கூட்டு ஸ்பான்சர் வேண்டும். குடிமகனோ கிரீன் கார்டுக்காரரோ, இங்கே வசிக்கும் யாராகவும் இருக்கலாம், சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. அவர் போட்டாலும் பிள்ளையும் தன் ஐ-864-ஐப் போட்டாக வேண்டும், வருமானம் சைபர் என்றாலும்.

கூட்டு ஸ்பான்சராக வரும் மாமாவிடம் ஒன்றை மறைக்காதீர்கள். பெற்றோர் குடியுரிமை பெறும் வரை, அல்லது ஏறத்தாழ பத்து வருட வேலைக்கணக்கு சேரும் வரை இந்தப் பொறுப்பு அவர் தலையில் இருக்கும்.

8. மருத்துவப் பரிசோதனை

குடியேற்றத் துறை அங்கீகரித்த மருத்துவரிடம்தான் செய்ய வேண்டும். உங்கள் குடும்ப டாக்டர் ஆகாது. கட்டணத்தை அரசு நிர்ணயிப்பதில்லை, அதனால் நாலு இடத்தில் விசாரியுங்கள். 2024 டிசம்பர் 2 முதல், மருத்துவர் பரிசோதனை முடிவை எழுதித் தரும் ஐ-693 படிவம் ஐ-485-உடனேயே போக வேண்டும். "அப்புறம் கேட்கும்போது கொடுக்கலாம்" என்ற பழைய யோசனை இப்போது செல்லாது. ஒட்டிய உறையை ஆர்வத்தில் பிரித்துவிடாதீர்கள். உங்களுக்கென்று தனி நகல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

காசநோய்க்கான ரத்தப் பரிசோதனையில் நம் ஊர்ப் பெரியவர்கள் பலருக்கு பாசிட்டிவ் வரும். உடனே பதற வேண்டாம். என்றோ கிருமி உடலில் புகுந்து தூங்கிக்கொண்டிருந்தாலும் அப்படித்தான் காட்டும். எக்ஸ்ரே எடுப்பார்கள். நோய் இப்போது இல்லை என்றால் மனு அதனால் நிற்காது. எக்ஸ்ரேக்கு ஒரு வாரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

9. ஒரே கட்டாக அனுப்புவது

ஐ-130, ஐ-485, வேலை அனுமதிக்கு ஐ-765, கூடவே ஐ-864, ஐ-693. எல்லாம் சேர்ந்தே போகலாம். ஐ-130 முடியட்டும் என்று காத்திருந்தால் அம்மா அத்தனை மாதமும் எந்தப் பிடிப்பும் இல்லாமல் இருப்பார். சேர்த்துப் போட்டால் வேலை அனுமதி அட்டையாவது முன்னால் வரும்.

2024 ஏப்ரலில் வந்த கட்டணப்படி காகித ஐ-130-க்கு 675 டாலர், ஐ-485-க்கு 1,440, அதோடு போடும் ஐ-765-க்கு 260. அனுப்பும் அன்று மறுபடி பாருங்கள். 2025 அக்டோபர் கடைசியிலிருந்து செக் வாங்குவதில்லை. கார்டு அல்லது வங்கிக் கணக்கிலிருந்து நேரடிப் பற்று. ஒவ்வொரு படிவத்துக்கும் தனிப் பணப் படிவம். கார்டு என்றால் வங்கிக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். பெரிய தொகை என்று வங்கி தடுத்து, கட்டு முழுவதும் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

படிவத்தின் கீழே பதிப்புத் தேதி இருக்கும். நாலு பக்கம் பழைய பதிப்பு, மீதி புதியது என்று கலந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கையெழுத்து விட்டுப்போனாலும் அதே கதை.

"அனுமதியில்லாமல் வேலை பார்த்தீர்களா?" என்ற கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள். அந்தத் தவறைச் சட்டம் இவர்களுக்குத் தடையாக எடுப்பதில்லை. இல்லை என்று பொய் எழுதினால் அந்தப் பொய் தனிக் குற்றமாகிவிடும். கட்டு முழுவதையும் ஸ்கேன் செய்து வைத்த பிறகே தபாலில் போடுங்கள்.

10. காத்திருக்கும் காலம்

ரசீது, பிறகு கைரேகைக்கு அழைப்பு. வீடு மாறினால் 10 நாளுக்குள் முகவரி மாற்றம் தெரிவிக்க வேண்டும். ஒரு கடிதம் தவறினால் மனு கைவிடப்பட்டதாகிவிடும்.

ஊரிலிருந்து போன் வரும். பாட்டிக்கு முடியவில்லை, கடைசியாக ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போ என்பார்கள். முன் அனுமதிக் கடிதம் இல்லாமல் கிளம்பினால் ஐ-485 அன்றோடு போயிற்று, பத்து வருடத் தடையும் சேர்ந்து விழும். ஐ-131 வழியாக அந்தக் கடிதம் வாங்கலாம், அது கையில் இருந்தால் சட்டப்படி தடை விழாது. ஆனாலும் திரும்பி வரும்போது விமான நிலையத்தில் உள்ளே விடுவதா என்று மறுபடி முடிவெடுப்பார்கள். என் அம்மாவைப் போகவிடவில்லை. பெரியம்மாவின் காரியத்தை வீடியோவில்தான் பார்த்தார்.

11. நேர்காணல்

நீங்களும் போக வேண்டும். அசல் காகிதங்கள் எல்லாம், காலாவதியான பாஸ்போர்ட் உட்பட, கையில் இருக்கட்டும். அம்மாவுக்கு ஆங்கிலம் போதாதென்றால் உறவில்லாத ஒருவரை மொழிபெயர்க்கக் கூட்டிப் போங்கள். பிள்ளையே மொழிபெயர்ப்பதைப் பல அதிகாரிகள் ஏற்பதில்லை.

நேர்காணலுக்கு வந்த இடத்திலேயே ஆட்களைப் பிடித்துவைத்த செய்திகள் 2025-ல் வந்தன. அதனால் மற்ற எல்லாவற்றையும் நீங்களே செய்திருந்தாலும், இந்த நாளுக்கு மட்டுமாவது வக்கீல் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

அம்மாவிடம் பதில்களை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் ஒரு முறை முழுக்கப் படித்துக் காட்டுங்கள். கையெழுத்துப் போட்டது என்னவென்றே தெரியாமல் உள்ளே போகும் பெற்றோர்தான் தடுமாறுகிறார்கள். "எனக்குத் தெரியாது, என் பொண்ணுதான் எழுதினா" என்பது அந்த அறையில் நல்ல பதில் இல்லை.

கார்டு தபாலில் வந்ததும் பெயர், பிறந்த தேதி, வகை மூன்றையும் பாருங்கள். இங்கிருந்தே வாங்கிய பெற்றோருக்கு வகை ஐஆர்0 என்று இருக்கும், பத்து வருடம் செல்லும். பெயரில் பிழை இருந்தால் உடனே ஐ-90 போட்டுத் திருத்துங்கள். தவறு அவர்களுடையது என்றால் கட்டணம் இல்லை. எங்கள் கார்டில் அம்மாவின் பெயரில் ஓர் எழுத்து குறைந்திருந்தது. சரிசெய்து மறு கார்டு வந்த பிறகுதான் டிக்கெட் போட்டோம்.